சுவிட்ச் சுவரிலேயே இருக்கட்டும்: ஸ்மார்ட் வீடு தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்மார்ட் வீடு என்றதும் பலரும் முதலில் கடைக்குத்தான் போகிறார்கள். ஒரு பல்பு, ஒரு ஸ்பீக்கர், ஒரு கேமரா என்று வாங்கி வந்த பிறகுதான் இவற்றை வைத்து என்ன செய்வது என்ற யோசனை வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பணமும் மிஞ்சும், பொறுமையும் மிஞ்சும்.

தொடங்கும் முன் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. இணையம் போனாலும், ஹப் (கருவிகளை ஒருங்கிணைக்கும் மையப் பெட்டி) பழுதானாலும், உங்கள் செல்போன் வீட்டில் இல்லாவிட்டாலும் வீடு வழக்கம்போல இயங்க வேண்டும். பாதித் தூக்கத்தில் எழுந்துவரும் குழந்தை, ஒரு நாள் தங்க வந்த உறவினர், ஸ்மார்ட்போன் வைத்துக்கொள்ளாத பெரியவர், யாராக இருந்தாலும் சுவரில் கை வைத்தால் விளக்கு எரிய வேண்டும். தானாக நடப்பவை எல்லாம் அதற்கு மேல் வந்து சேரும் வசதிகள். இந்த விதியை மீறிக் கட்டிய அமைப்பை வீட்டில் ஒருவர் மட்டும் ரசிப்பார், மற்றவர்கள் சகித்துக்கொள்வார்கள்.

முதல் படி: குறைகளை எழுதுங்கள்

ஒரு வாரம் எதையும் வாங்காதீர்கள். வீட்டில் திரும்பத் திரும்ப எரிச்சலூட்டும் சின்ன விஷயங்களை மட்டும் குறித்து வையுங்கள். மாடிப்படி விளக்கை அணைக்க எல்லோருமே மறக்கிறார்கள். வாஷிங் மெஷின் நின்றது தெரியாமல் துணி மணிக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறது. வெளியே கிளம்பிப் பாதி வழியில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்ற சந்தேகம் வருகிறது. சிங்க்குக்கு அடியில் எப்போதோ கசிந்த தண்ணீர் பலகையை ஊறவைத்துவிட்டது. இப்படிப்பட்டவைதான் வேண்டும். வீட்டில் உள்ள மற்றவர்களையும் கேளுங்கள், அவர்கள் சொல்லும் பட்டியல் உங்களுடையதைவிட வேறு மாதிரி இருக்கும்.

எழுதிய பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து, இதற்கு உண்மையிலேயே ஸ்மார்ட் கருவி வேண்டுமா என்று கேளுங்கள். வாசல் விளக்குக்கு, உள்ளேயே நகர்வு சென்சார் பொருத்திய சாதாரண விளக்கு ஒன்று போதும். ஆப்பும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். அதே மாதிரி சில வேலைகள் ஒரு சாதா டைமரில் முடிந்துவிடும். மிச்சம் இருப்பதில் ஒரே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள், அதைத் தீர்ப்பதுதான் உங்கள் முதல் திட்டம்.

இரண்டாம் படி: கருவிகள் எந்த வழியில் பேசுகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

வீட்டுக் கருவிகளைத் தூரத்திலிருந்து இயக்கும் எண்ணம் புதிதல்ல. ஸ்காட்லாந்தில் இருந்த பிக்கோ எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975ஆம் ஆண்டிலேயே எக்ஸ்10 என்ற முறையை உருவாக்கியது. வீட்டில் ஓடும் மின்சார ஒயர் வழியாகவே அது கட்டளைகளை அனுப்பியது. ஆனால் கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று பெரும்பாலும் தெரியாது. மற்ற மின்கருவிகளின் இரைச்சலில் சிக்னல் தொலைந்துவிடும். அதற்குப் பிறகு வந்த முறைகள் பெரும்பாலும் ரேடியோ அலைக்கு மாறின. இன்று நீங்கள் பெட்டிகளில் பார்க்கும் பெயர்கள் அநேகமாக இவைதான்: வைஃபை, ப்ளூடூத், ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட், மேட்டர்.

வைஃபை கருவிக்குத் தனி ஹப் வேண்டாம், ரூட்டர் இருந்தால் போதும். ஒன்றிரண்டு கருவிகளோடு நிறுத்திக்கொள்பவருக்கு இதுவே எளிது. ஆனால் எண்ணிக்கை கூடும்போது சாதாரண ரூட்டர் திணற ஆரம்பிக்கும். வைஃபை அதிக மின்சாரம் எடுப்பதால், சின்ன பேட்டரியில் வருடக்கணக்கில் ஓட வேண்டிய சென்சார்களுக்கும் அது பெரும்பாலும் ஒத்துவராது.

சென்சார்களுக்கு ஏற்றவை ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட் ஆகிய மூன்றும். இவை குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வலைப்பின்னல்கள். அதாவது ஒரு கருவி தன் சிக்னலை நேரடியாக ஹப்புக்கு அனுப்ப முடியாவிட்டால், நடுவில் உள்ள இன்னொரு கருவி அதை வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிடும். இதில் ஒரு முக்கியமான நுணுக்கம் உண்டு. மின்சாரத்தில் நேரடியாக ஓடும் ஸ்மார்ட் பிளக் (சாக்கெட்டுக்கும் கருவிக்கும் நடுவில் மாட்டுவது), ஸ்மார்ட் சுவிட்ச் போன்றவைதான் இப்படி நடுவில் நின்று உதவும். பேட்டரியில் ஓடுபவை பெரும்பாலான நேரம் தூங்கும், அவை உதவாது. ஆகவே வீட்டின் கடைசி அறையில் ஒரு கதவு சென்சார் வைக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் வழியில் ஒரு பிளக்கைப் பொருத்துங்கள். சென்சார் அடிக்கடி காணாமல் போகிறது என்று புலம்பும் பலருக்கு இதுதான் மருந்து.

ஜிக்பீயும் த்ரெட்டும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பகிர்ந்துகொள்கின்றன. இடம் நெருக்கடியானால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யும். ஜிக்பீயின் 15, 20, 25 ஆகிய சேனல்கள் வைஃபை வழக்கமாகப் பயன்படுத்தும் 1, 6, 11 சேனல்களின் இடைவெளியிலும் அதற்கு அப்பாலும் விழுவதால், தொடக்கத்திலேயே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பின்னால் மாற்றினால் சில கருவிகளை மறுபடி இணைக்க வேண்டிவரும். ஜிக்பீ டாங்கிளை (ஜிக்பீ ரேடியோ உள்ள சின்ன யுஎஸ்பி குச்சி) கம்ப்யூட்டரில் செருகுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: யுஎஸ்பி 3 போர்ட்டிலிருந்து கசியும் இரைச்சலும் அதே அலைவரிசையில்தான் விழுகிறது. ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டு டாங்கிளைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இசட்-வேவ் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் இந்த நெருக்கடியில் சிக்காது, சுவர்களையும் நன்றாக ஊடுருவும். ஆனால் அதன் அலைவரிசை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கிவந்து கொடுத்தால் உங்கள் ஹப்போடு அது பேசாமலே போகலாம், பெட்டியில் அலைவரிசையைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, மேட்டர் என்பது என்ன? அது ரேடியோ அல்ல, கருவிகள் பேசிக்கொள்ளும் பொதுமொழி. அமேசான், ஆப்பிள், கூகுள் முதலிய நிறுவனங்களும் ஜிக்பீ கூட்டமைப்பும் சேர்ந்து 2019இல் வேலையைத் தொடங்கி, 2022 அக்டோபரில் முதல் பதிப்பை வெளியிட்டன. அது வைஃபை, ஈதர்நெட், த்ரெட் ஆகியவற்றின் மேல் ஓடும். த்ரெட் கருவி என்றால், அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்க பார்டர் ரூட்டர் என்ற ஒன்றும் தேவை. சில ஸ்மார்ட் ஸ்பீக்கர்களிலும் டிவி பெட்டிகளிலும் அது உள்ளேயே இருக்கும். மேட்டரில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ஒன்று: ஒரே பல்பை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் ஆப்களில் சேர்க்கலாம். வீட்டில் ஒருவர் ஐபோனும் இன்னொருவர் ஆண்ட்ராய்டும் வைத்திருந்தால் இதன் அருமை உடனே புரியும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை: பிளக், சுவிட்ச், பல்பு என்றால் மேட்டர் முத்திரை உள்ளதைத் தேடுங்கள். சென்சார் என்றால் ஜிக்பீயோ த்ரெட்டோ, இரண்டில் ஒன்றை முடிவுசெய்து அதிலேயே நில்லுங்கள்.

மூன்றாம் படி: மூளை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்

நீங்கள் ஆப்பில் ஒரு பொத்தானைத் தொடுகிறீர்கள். அந்தக் கட்டளை வீட்டுக்குள்ளேயே பல்புக்குப் போகிறதா, இல்லை வேறொரு நாட்டில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறதா? பெட்டியில் இது பெரிதாக எழுதியிருக்காது. ஆனால் அடுத்த பத்து வருடங்களுக்கு உங்கள் வீட்டின் தலையெழுத்தை இதுதான் தீர்மானிக்கும்.

சர்வரை மட்டும் நம்பியிருக்கும் கருவி, அந்த சர்வர் நின்ற நாளில் வெறும் பிளாஸ்டிக். ரெவால்வ் என்ற ஹப்பை விற்ற நிறுவனத்தை நெஸ்ட் என்ற இன்னொரு நிறுவனம் 2014இல் வாங்கியது. 2016 மே மாதம் அந்தச் சேவை நிறுத்தப்பட்டதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஹப்கள் எல்லாம் பயனற்றுப் போயின. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றன. ஆப் வழியாக எதையும் இயக்க முடியாமல் போனது. ஆனால் சுவரில் இருந்த இன்ஸ்டியான் சுவிட்சுகள் சுவிட்சாகத் தொடர்ந்து வேலை செய்தன. இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த மாதிரிக் கருவியை வாங்க வேண்டும் என்பது விளங்கும்.

வாங்கிய பிறகு சோதிப்பதும் எளிது. ரூட்டருக்கு வரும் இணைய ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு, வைஃபை ஓடிக்கொண்டிருக்கும்போது ஆப்பிலிருந்து விளக்கைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் மூளை வீட்டில் இருக்கிறது. எரியாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள்.

எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு ஹோம் அசிஸ்டென்ட், ஓப்பன்ஹேப் போன்ற இலவச, திறந்த மென்பொருட்கள் இருக்கின்றன. ஹோம் அசிஸ்டென்ட்டை 2013இல் பவுலஸ் ஸ்கவுட்சன் தொடங்கினார். ராஸ்பெரி பை போன்ற சின்ன கம்ப்யூட்டரிலோ பழைய லேப்டாப்பிலோ ஓடும். கற்றுக்கொள்ள நேரம் எடுக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. முதல் நாளே இதில் குதிக்க வேண்டாம். ஆனால் இன்று வாங்கும் கருவி நாளைக்கு இதோடு சேருமா என்று மட்டும் வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பல்பா, பிளக்கா, சுவிட்சா

முதல் கருவியாக ஒரு பிளக்கை வாங்கச் சொல்வேன், அதுவும் மின்சாரம் அளக்கும் வசதி உள்ளதாக. சுவரைத் தொட வேண்டாம், ஒயர் வேலை இல்லை, பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். எந்தக் கருவி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதே ஒரு நல்ல படிப்பு. ஒன்று மட்டும் கவனம்: பிளக்கில் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவை மதியுங்கள். 10 ஆம்பியர் பிளக், 230 வோல்ட் இடத்தில் 2300 வாட் வரைதான். அதுவும் உச்ச வரம்பு, மணிக்கணக்கில் தாங்க வேண்டிய சுமை அல்ல. அறை ஹீட்டர், வாட்டர் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை இதில் மாட்டாதீர்கள். மோட்டார் உள்ள கருவிகள் தொடங்கும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் சின்ன ரிலேயின் முனைகள் அதில் ஒட்டிக்கொள்ளும். பெரிய சுமைக்கு அதற்கென்று செய்த காண்டாக்டர் என்ற பெரிய ரிலே வேண்டும், அது எலக்ட்ரீஷியன் வேலை.

ஸ்மார்ட் பல்பு நிறம் மாற்றவும் ஒளியைக் கூட்டிக் குறைக்கவும் அருமை. ஆனால் யாராவது சுவர் சுவிட்சை அணைத்தால் பல்புக்கு மின்சாரம் போய்விடும், அப்புறம் எந்த ஆப்பும் அதை எழுப்ப முடியாது. அதற்காகச் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி மூடும் வீடுகள் இருக்கின்றன. எனக்கு அது துளியும் பிடிக்காது, ஏனென்றால் தொடக்கத்தில் சொன்ன விதியை அது நேராக உடைக்கிறது. மேசை விளக்கு, மூலை விளக்கு என்று சுவர் சுவிட்சோடு தொடர்பில்லாத இடங்களில் ஸ்மார்ட் பல்பை வையுங்கள். அறையின் பிரதான விளக்குக்கு சுவிட்ச் பக்கமாகத்தான் யோசிக்க வேண்டும்.

சுவிட்சிலும் இரண்டு வழி. பழையதை எடுத்துவிட்டு ஸ்மார்ட் சுவிட்ச் பொருத்தலாம். அல்லது பழைய சுவிட்சை அப்படியே வைத்துவிட்டு அதற்குப் பின்னால், சுவர்ப் பெட்டிக்குள் சின்ன ரிலே மாட்யூலை ஒளித்துவைக்கலாம். இரண்டாவது வழியைத்தான் நான் எப்போதும் முதலில் பரிசீலிப்பேன். பார்க்கிறவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. அதே சுவிட்ச், அதே இடம், அதே டிக் சத்தம். வீட்டில் யாருக்கும் எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: சுவரைத் திறக்கும் முன்

மின்சார வேலையில் தயக்கம் இருந்தால் இதைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். பல நாடுகளில் சட்டமே அதைத்தான் சொல்கிறது. நீங்களே செய்யாவிட்டாலும் கீழே உள்ளவை தெரிந்திருந்தால் அவரிடம் சரியான கேள்வி கேட்கலாம்.

முதல் கேள்வி, சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் ஒயர் (மின்சாரம் திரும்பிப் போகும் ஒயர்) இருக்கிறதா என்பது. சாதா சுவிட்ச் ஒரு ஒயரைத் துண்டித்து ஒட்டவைக்கும் வேலையை மட்டும் செய்கிறது, அதற்கு நியூட்ரல் தேவையே இல்லை. அதனால் பழைய வீடுகள் பலவற்றில் நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும், சுவிட்ச் பெட்டிக்கு வராது. ஸ்மார்ட் சுவிட்ச்சோ எப்போதும் விழித்திருக்க வேண்டிய சின்ன கம்ப்யூட்டர், விளக்கு அணைந்திருக்கும்போதும் அதற்கு மின்சாரம் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் சுவிட்சுகளும் கிடைக்கின்றன. அவை விளக்கின் வழியாகவே கொஞ்சம் மின்சாரத்தைக் கசியவிட்டு உயிர்வாழும். குறைந்த வாட் எல்ஈடி பல்புகள் அந்தக் கசிவில் மினுமினுக்கும், அல்லது அணைத்த பிறகும் மங்கலாக எரியும். அதற்குப் பல்போடு இணையாக வைக்கும் பைபாஸ் என்ற சின்ன உறுப்பு தீர்வு. வாய்ப்பிருந்தால் நியூட்ரல் இழுத்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. புது வீடு கட்டுபவர்கள் எல்லா சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரல் கொண்டுவரச் சொல்லுங்கள், ஆழமான பெட்டியாகவும் போடச் சொல்லுங்கள். ஸ்மார்ட் கருவி எதுவும் வாங்காவிட்டாலும் இந்த இரண்டையும் செய்துவையுங்கள். பின்னால் சுவரை உடைப்பதைவிட இது எவ்வளவோ எளிது.

உலோகப் பெட்டி ரேடியோ சிக்னலை மட்டுப்படுத்தும், அதையும் பார்க்கவும். மாடிப்படியில் மேலும் கீழும் இரண்டு சுவிட்ச் இருந்தால் அதற்கேற்ற மாட்யூல் வேண்டும். விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரை மின்விசிறியில் பொருத்தவே கூடாது. மோட்டார் சூடாகும், முனகும், காலப்போக்கில் கெட்டுப்போகும். விசிறிக்கென்றே செய்த கட்டுப்பாட்டுக் கருவி தனியாக உண்டு. டிம்மரோடு போடும் எல்ஈடியும் டிம் ஆகக்கூடியது என்று எழுதியதாக இருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்து, எந்த ஒயரையும் கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பின்னால் பழைய நிலைக்குத் திரும்ப அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

ஆறாம் படி: இணைக்கும் நாள்

கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அதன் மேல் உள்ள கியூஆர் குறியீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டர் கருவிகளில் கூடவே 11 இலக்க எண்ணும் இருக்கும். ரிலே சுவருக்குள் போன பிறகு அந்த எண்ணைப் பார்க்க மறுபடி சுவிட்சைக் கழற்ற வேண்டிவரும்.

வைஃபை கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும். இணைப்பு திரும்பத் திரும்பத் தோற்றால் ரூட்டரில் 2.4 இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் செல்போனில் ப்ளூடூத்தையும் இருப்பிட அனுமதியையும் பாருங்கள். இணைந்த உடனே ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட்டை முடித்துவிடுங்கள்.

பெயர் வைப்பதில் அவசரப்பட வேண்டாம். பல்பு 1, பல்பு 2 என்று வைத்தால் விரைவிலேயே எது எங்கே என்று தெரியாமல் போகும். அறை, இடம், பொருள் என்ற வரிசை நன்றாக இருக்கும்: படுக்கையறை ஜன்னல் விளக்கு, சமையலறை மேடை விளக்கு. குரலால் இயக்குவதாக இருந்தால், வீட்டில் எல்லோரும் அதை வாயால் எப்படிச் சொல்கிறார்களோ அந்தப் பெயரையே வையுங்கள்.

கடைசியாக ஒரு அமைப்பு, பலரும் தவறவிடுவது: கரண்ட் போய்த் திரும்ப வந்தால் கருவி எந்த நிலையில் இருக்க வேண்டும்? பல ஸ்மார்ட் பல்புகள் கரண்ட் வந்ததும் முழு வெளிச்சத்தில் எரியும்படியே வருகின்றன. இரவு இரண்டு மணிக்கு அப்படி எரிந்தால் வீடே எழுந்துவிடும். முந்தைய நிலைக்குத் திரும்பு என்று மாற்றிவிடுங்கள்.

ஏழாம் படி: முதல் விதியை எழுதுங்கள்

ஆட்டோமேஷன், அதாவது வேலைகளைத் தானாக நடக்கவைக்கும் விதிகள் எல்லாம் மூன்று கேள்விகளில் அடங்கும். எது நடந்தால்? எந்தச் சூழலில்? என்ன செய்ய வேண்டும்? நடைபாதையில் இரவு விளக்கை எடுத்துக்கொள்வோம். நகர்வு தெரிந்தால், இருட்டாக இருக்கும் பட்சத்தில், விளக்கை 10 சதவீத வெளிச்சத்தில் எரியவிடு. நகர்வு நின்று 3 நிமிடம் ஆனால் அணைத்துவிடு. காகிதத்தில் எளிதாகத்தான் தெரிகிறது, ஆனால் வீட்டில் ஓடவிட்டதும் நுணுக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

சாதாரண நகர்வு சென்சார் உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிர் இடம் மாறுவதைத்தான் பார்க்கிறது. அசையாமல் உட்கார்ந்து படிப்பவர் அதன் கண்ணுக்கு இல்லாதவர், விளக்கு அணைந்துவிடும். நடைபாதைக்கு இது போதும், படிக்கும் அறைக்குப் போதாது. அங்கே மில்லிமீட்டர் அலை ரேடார் சென்சார் வேண்டும், மூச்சு விடும் அசைவைக்கூட அது உணரும். ஆனால் ஆடும் திரைச்சீலையையும் சுற்றும் மின்விசிறியையும் ஆள் என்று நினைக்கக்கூடும், வைக்கும் கோணத்தில் கவனம் தேவை.

இன்னொரு சிக்கல் வெளிச்ச அளவில் வரும். இருட்டாக இருந்தால் என்ற நிபந்தனையை சென்சார் தொடர்ந்து சரிபார்த்தால், விளக்கு எரிந்ததும் வெளிச்சம் வந்துவிட்டது என்று முடிவுசெய்து தானே அணைத்துவிடும், அப்புறம் மறுபடி போடும். எரியத் தொடங்கும் அந்த நொடியில் மட்டும் வெளிச்சத்தைப் பார்க்கும்படி விதியை எழுதுங்கள். மாலை விளக்குகளுக்குக் கடிகார நேரத்தைவிட சூரிய அஸ்தமனத்தை வைத்து எழுதுவது மேல். பருவம் மாறினாலும் விதியைத் தொட வேண்டியிருக்காது.

வாஷிங் மெஷினுக்கு மின்சாரம் அளக்கும் பிளக் அழகாகப் பொருந்தும், மெஷினின் ஆம்பியர் அளவை அந்த பிளக் தாங்கும் என்றால். மெஷின் ஓடும்போதும் நின்ற பிறகும் எத்தனை வாட் எடுக்கிறது என்று ஒன்றிரண்டு முறை வரைபடத்தைப் பாருங்கள். துணியை ஊறவைக்கும் இடைவெளியிலும் வாட் இறங்கும், அதை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஆகவே குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சில நிமிடம் தொடர்ந்து இருந்தால் மட்டும் செய்தி அனுப்பு என்று எழுதுங்கள். எல்லைக் கோடு ஒவ்வொரு மெஷினுக்கும் வேறு, உங்கள் வரைபடத்திலிருந்துதான் அதை எடுக்க வேண்டும். இந்தப் பிளக்கில் அணைக்கும் வசதியை ஆப்பில் பூட்டிவையுங்கள். பாதித் துவைப்பில் யாராவது தெரியாமல் அணைத்துவிடக் கூடாது.

எல்லா விதிக்கும் பொதுவான ஒரு மரியாதை உண்டு. ஒருவர் கையால் போட்ட விளக்கை விதி அணைக்கக் கூடாது. கையால் அணைத்ததை விதி உடனே எரியவிடவும் கூடாது. மனிதரின் கை எப்போதும் மேலே, விதி அதற்குக் கீழே. ஒரு விதி ஒரு வாரம் யாரையும் தொந்தரவு செய்யாமல் ஓடிய பிறகு அடுத்ததை எழுதலாம்.

எட்டாம் படி: கதவைப் பூட்டுங்கள், இணையக் கதவையும்

2016இல் மிராய் என்ற தீம்பொருள் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றியது. அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததே போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தக் கருவிகளை ஏவி, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித்தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது தாக்குதல் நடத்தியபோது பல பிரபல இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எளிதில் ஊகிக்கக்கூடிய பொது பாஸ்வேர்டோடு இத்தகைய கருவிகளை விற்பதே சட்டப்படி தடை.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியவை: ரூட்டர் பாஸ்வேர்டை மாற்றுங்கள், கணக்குகளில் இருபடிச் சரிபார்ப்பைப் போடுங்கள், அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். ரூட்டரில் தனி நெட்வொர்க் வசதி இருந்தால் கேமராக்களை அதில் வையுங்கள். மேட்டர் கருவிகளையும் ஹப்பையும் மட்டும் பிரிக்காதீர்கள், வேறு வேறு நெட்வொர்க்கில் இருந்தால் அவை ஒன்றையொன்று கண்டுபிடிக்காது.

கேமராவைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படுக்கையறையிலும் குளியலறையிலும் கூடாது, பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கியும் கூடாது. வீட்டில் உள்ள அனைவருக்கும், வேலைக்கு வருபவர்களுக்கும் சேர்த்து, எங்கே கேமராவும் மைக்கும் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். யார் எப்போது வந்தார், எந்த அறையில் இருந்தார் என்ற பதிவு ஒருவர் கையில் மட்டும் இருப்பது வீட்டுக்குள் ஒரு அதிகாரத்தை உண்டாக்குகிறது. ஆகவே பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுங்கள், ஒரே பாஸ்வேர்டைப் பகிர வேண்டாம். யாராவது வீட்டைவிட்டுப் போனால் அவர் அணுகலை அன்றே நீக்குங்கள்.

ஸ்மார்ட் பூட்டு வைத்தால் சாவித் துவாரம் உள்ளதாகவே வாங்கி, சாவியை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். கதவைத் தானாகப் பூட்டும் விதி எழுதலாம், தானாகத் திறக்கும் விதி எழுதாதீர்கள். புகை எச்சரிக்கைக் கருவி, ஹப்போ இணையமோ இல்லாமலே தனியாக அலறக்கூடியதாக இருக்க வேண்டும். செல்போனுக்கு வரும் செய்தி உபரிதான்.

ஒன்பதாம் படி: பராமரிப்பு

பேட்டரி அளவை ஆப்பில் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். கதவு சென்சார் பலவற்றில் சிஆர்2032 போன்ற காசு வடிவ பேட்டரி இருக்கும், தண்ணீர்க் கசிவைக் கண்டறியும் கசிவு சென்சாருக்கு மட்டும் உபரி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த பேட்டரிகளைப் பூட்டிவையுங்கள். விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஆபத்து அது. கசிவு சென்சாரை அவ்வப்போது சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சோதியுங்கள்.

சும்மா இருக்கும்போதும் ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும். ஓயாமல் 1 வாட் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 9 யூனிட். ஒன்று இரண்டுக்குப் பெரிதல்ல, இருபது முப்பது என்று சேரும்போது கணக்கில் வரும். பயன்படாததைக் கழற்றிவிடுங்கள்.

சொந்தமாக ஹப் ஓட்டுபவர்கள் அதன் பேக்கப்பை அந்த ஹப்பிலேயே வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். ராஸ்பெரி பையின் மெமரி கார்டு ஓயாமல் எழுதப்படுவதால் தேய்ந்துபோகும், எஸ்எஸ்டி டிஸ்க்குக்கு மாறுவது நல்லது. எந்தக் கருவி எங்கே, அதன் குறியீட்டு எண் என்ன, எந்தக் கணக்கில் இருக்கிறது என்ற விவரத்தை அச்சடித்து, வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது அவரால் ஒரு விதியை நிறுத்திவைக்க முடிய வேண்டும்.

வீடு மாறும்போதோ கருவியை விற்கும்போதோ முதலில் ஆப்பிலிருந்து அதை நீக்குங்கள், பிறகு கருவியையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றை மட்டும் செய்தால் புதியவரால் இணைக்க முடியாமல் போகலாம், உங்கள் வைஃபை விவரமும் உள்ளேயே தங்கிவிடலாம். பூட்டில் உள்ள எண்களையும் கேமராவின் மெமரி கார்டையும் அழித்துவிடுங்கள். சுவருக்குள் ரிலேயை விட்டுச்செல்வதாக இருந்தால், அதன் 11 இலக்க எண்ணையும் ஒயர் புகைப்படத்தையும் அடுத்து வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.